பயனாளி பேச்சித்தாய்

ஊருணிப்பட்டி ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு நான்தான் ஆபரேட்டர். பெயர் சுடலைக்குமார். வால்வைத் திறப்பது, அடைப்பது, பிளீச்சிங் பவுடர் போடுவது எல்லாம் என் வேலை. தொட்டியில் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் வேலையில் சேர்த்தி இல்லை. அதனால் இரண்டு வருடமாக ஒரு வெறும் தொட்டிக்கு நான் உண்மையாக உழைத்துக்கொண்டிருந்தேன்.

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, உளுந்துக் காட்டு வழியாக உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அரசாங்கம் எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். வீட்டுக்கு வீடு நீலக் குழாய் பதித்தார்கள். சிமெண்டுத் தூண் கட்டி, அதில் பளபளவென்று திருகுக் குழாய் மாட்டி, வீட்டுக்காரர் பெயரையும் எழுதினார்கள். ஊர் முகப்பில், 'நூறு சதவீதம் குடிநீர் இணைப்பு பெற்ற கிராமம்' என்று பலகை வைத்தார்கள். ஆற்றுத் தண்ணீர் வருகிற பெரிய குழாய் மெயின் ரோட்டோரமாகப் போகிறது. அதையும் எங்கள் தொட்டியையும் இணைக்கிற சின்ன வேலை மட்டும்தான் பாக்கி. பந்தல் போட்டாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று, தாலி கட்டுவதுதான் பாக்கி என்கிற மாதிரி.

பழைய ஆழ்குழாயில் வருகிற உப்புத் தண்ணீரில் குளித்தோம், துணி துவைத்தோம். குடிப்பதற்கு ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து தள்ளுவண்டியில் குடம் வைத்துக் கொண்டுவந்தோம். புதுக் குழாய்களில் கோழிகள் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்த்தன.

இந்த ஊரில்தான் அழகுத்தாய் சித்தி தன் மகன் இசக்கிராஜாவுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். பையன் தங்கமான பையன். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்கு, எங்கள் பக்கம் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம், வேன் ஓட்டுகிறான். குடி கிடையாது. ஆனால் பெண் வீட்டுக்காரர்கள் சம்பளம் கேட்பதற்கு முன்பே, "ஊர்ல தண்ணி உண்டா?" என்று கேட்டுவிடுவார்கள். சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு நொடி யோசிப்பாள். அந்த ஒரு நொடியில் சம்பந்தம் முறிந்துவிடும். அவனோடு படித்தவர்களின் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியாக ஒரு இடம் கூடிவந்தது. பெண் பெயர் செல்வமாரி. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு பார்க்கிற பெண். வேனில் சரக்கு ஏற்றும்போது இசக்கிராஜாவைப் பார்த்திருக்கிறாள், பிடித்திருக்கிறது. அவள் அப்பா தங்கப்பாண்டிக்கும் சம்மதம். ஆனால் அந்த வீட்டில் வாயைத் திறந்து முடிவு சொல்கிறவள் பெரியம்மா பேச்சித்தாய். தாய் இல்லாத பெண்ணை வளர்த்தவள் அவள்தான். பசுவந்தனைக்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணியில்லாத ஊரில் வாழ்க்கைப்பட்டு, குடம் சுமந்தே காலம் கழித்தவள். தங்கை மகளைத் தண்ணீர் உள்ள வீட்டுக்குத்தான் கொடுப்பேன் என்று நல்ல நல்ல மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். புதன்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். வீடு பார்க்க வருகிற பெண்கள் எங்கள் பக்கம் நேரே அடுப்படிக்கும் தண்ணீர்ப் பானைக்கும்தான் போவார்கள். இவள் குழாயைத் திருகிப் பார்க்காமல் போக மாட்டாள்.

சித்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொட்டியடியில் என்னைப் பிடித்தாள்.

"ஏலே சுடல, போன வருஷம் மரம் நட ஒரு ஆபீசர் வந்தாருல்லா, அன்னிக்கு மட்டும் குழாயில தண்ணி எப்படிலே வந்துச்சு?"

"அது லாரித் தண்ணி சித்தி. கிளார்க்கு அண்ணாச்சி ஏற்பாடு. ஆபீசர் மண்ணைத் தொட்டுட்டுக் கை கழுவணும்லா."

"அப்ப ஆபீசர் வந்தா தண்ணி வரும்."

"வரும்."

"ஆபீசர் எதுக்கு வருவாரு? குறை சொன்னா வருவாரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொட்டிச் சுவரில் புகார் எண் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. சித்தி அதற்கு எத்தனை தடவை போன் போட்டிருப்பாள் என்று கணக்கே கிடையாது. ஒவ்வொரு தடவையும் மறுநாளே பதில் வரும்: 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது.' முதல் தடவை அந்தச் செய்தியை மகன் வாசித்துக் காட்டியதும், பாவம், குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.

"குறை சொன்னா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாவ சித்தி."

"அப்ப குறை சொல்ல வேண்டாம்லே. நல்லா இருக்குன்னு சொல்லுவோம்," என்றாள் சித்தி.

அங்கேயே நின்று போனைப் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், புகாரைச் சொல்லுங்கள் என்றது.

"புகாரெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. எங்க ஊர்க் குழாயில தண்ணி வருது. ராப்பகலா வருது. அதைச் சொல்லிட்டுப் போவலாம்னுதான்."

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு அழைப்பு வந்திருக்காது போல. "புகார் இல்லையாம்மா?" என்று மறுபடியும் கேட்டாள். பிறகு யாரையோ கூப்பிட்டாள். ஒரு ஆண் குரல் வந்து, ஊர் எது, பெயர் என்ன என்று மரியாதையாக விசாரித்தது. சித்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "வந்து பாக்கதா இருந்தா புதன்கிழமை வாங்கய்யா. அன்னிக்கு அம்மன் கோயில் பொங்கலு, ஊரே இருக்கும். மத்த நாள் எல்லாரும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிருவோம்," என்றாள். எங்கள் அம்மனுக்குப் பொங்கல் மாசியில்தான். புதன்கிழமை அம்மன் சும்மாதான் இருந்தாள்.

மறுநாள் கிளார்க்கு பெருமாள்சாமி அண்ணாச்சி பைக்கில் பறந்து வந்தார். ஊராட்சி செயலரை நாங்கள் கிளார்க்கு என்றுதான் சொல்வோம். தலைவர் பதவி காலியாக இருப்பதால் ஊரில் எல்லாமே அவர்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏலே சுடலை, குழாயில தண்ணி வருதாலே?"

"மேல ஏறி எட்டிப் பாருங்க அண்ணாச்சி. ரெண்டு புறா முட்டை போட்டிருக்கு."

"பின்ன எவலே போன் போட்டது? மாவட்டத்துல இருந்து பேசுதாவ. படம் பிடிக்க ஆள் வருதாம். மாவட்டத்துலயே இப்படி நல்ல வார்த்தை சொன்ன ஒரே ஊரு நம்ம ஊருதானாம்."

"தண்ணி வரலைன்னு உண்மையைச் சொல்லிருங்களேன்."

அண்ணாச்சி என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எப்படிலே சொல்ல? கணக்குப்படி ரெண்டு வருஷமா வந்துக்கிட்டுல்லா இருக்கு."

அவர் நிலைமை எனக்குப் புரிந்தது. இல்லாத தண்ணீரை இருப்பதாக எழுதியவர், இப்போது அதே தண்ணீரை இல்லை என்று எப்படிச் சொல்வார்? உதவிப் பொறியாளர் சுதாராணி மேடத்துக்குப் போன் போட்டார். அந்தம்மா நல்ல மாதிரிதான். இணைப்பு வேலைக்கு எத்தனையோ தடவை மதிப்பீடு எழுதி மேலே அனுப்பி, அது கீழே வந்து, மறுபடி அனுப்பி ஓய்ந்துபோனவர். அன்றைக்கு அவரும், "லாரிக்குச் சொல்லிருங்க," என்றுதான் சொன்னார்.

புதன்கிழமை விடியும்போதே கயத்தாறு பக்கத்திலிருந்து லாரிகள் வந்து தரைத்தொட்டியை நிரப்பின. நான் மோட்டார் போட்டு மேலே ஏற்றி, வால்வைத் திறந்தேன். குழாய்கள் முதலில் இருமின. பிறகு துருவும் எறும்புமாகத் துப்பின. அதற்குப் பிறகு தண்ணீர் வந்தது. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் குடம், அண்டா, டிரம் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். கருத்தப்பாண்டி தன் எருமையைக் குளிப்பாட்ட ஆரம்பித்தான். கிளார்க்கு அண்ணாச்சி தெருத்தெருவாகப் போய், "தினமும் வருத மாதிரி இருங்கடே! இப்படிப் பாயாதிய!" என்று கெஞ்சினார். யார் கேட்டார்கள்?

பத்து மணிவாக்கில் பெண் வீட்டு வேன் வந்தது. தங்கப்பாண்டி, செல்வமாரி, இரண்டு மூன்று சொந்தக்காரப் பெண்கள், எல்லாருக்கும் முன்னால் பேச்சித்தாய். ஒடிசலான உடம்பு. இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சித்தி நாற்காலி போட்டு, கடம்பூர் போளி வைத்து, காப்பியும் கொடுத்தாள். பேச்சித்தாய் போளியைத் தொடவில்லை.

"குழாய் எங்க இருக்கு மயினி?" என்றாள்.

சித்தி கொல்லைப்புறத்தைக் காட்டினாள். நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சித்தாய் குழாயடியில் போய் நின்றாள். உடனே திருகவில்லை. தூணைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திருகினாள். தண்ணீர் கொட்டியது.

அவள் கையை நீட்டினாள். பிறகு முகத்தைக் குழாய்க்குக் கீழே காட்டினாள். துவைகல்லில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தமில்லாத அழுகை. தோள் மட்டும் குலுங்கியது. குழாயை அடைக்கவும் அவளுக்கு மனசு வரவில்லை. சித்தியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஜெயித்துவிட்ட களை கொஞ்சமும் இல்லை. எனக்கும் ஒருமாதிரியாகத்தான் இருந்தது. நாம் என்ன விளையாடிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்தா ஜீப் வர வேண்டும்! மாவட்டத்து அதிகாரி, கேமராக்காரர், சுதாராணி மேடம், கிளார்க்கு அண்ணாச்சி எல்லாரும், போன் போட்ட அம்மா வீடு எது என்று விசாரித்துக்கொண்டு நேரே கொல்லைப்புறத்துக்கே வந்துவிட்டார்கள். கேமராக்காரர் அப்படியே உறைந்து நின்றார். பிறகு கேமராவைத் தோளில் ஏற்றினார். ஊர் ஊராகப் போய், "கொஞ்சம் சந்தோஷமா சிரிங்கம்மா" என்று கெஞ்சிக் கெஞ்சிப் படம் பிடித்தவருக்கு, யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒருத்தி குழாயடியில் அழுதுகொண்டிருந்தால் எப்படி இருக்கும்!

அதிகாரி பேச்சித்தாய் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "அம்மா, எத்தனை வருஷமா தண்ணி சுமந்தீங்க?"

"வாக்கப்பட்ட நாளையில இருந்துய்யா."

"இப்ப எப்படி இருக்கு?"

"இனிமே எம்பிள்ளை சுமக்க வேண்டாம். அது போதும்யா எனக்கு."

அதிகாரியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க பேரு?"

"பேச்சித்தாயி."

பெயரைக் கேட்டவர்கள் ஊரைக் கேட்கவில்லை. குழாயடியில் உட்கார்ந்து அழுகிறவள் குழாய்க்காரியாகத்தான் இருப்பாள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். கிளார்க்கு அண்ணாச்சிக்கு அவள் யாரென்றே தெரியாது. எனக்குத் தெரியும், சித்திக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கும் நிலையில் இல்லை.

ஜீப் போனதும் இலை போட்டார்கள். பேச்சு நன்றாக ஓடியது. தங்கப்பாண்டி முகூர்த்தம் எப்போது வைக்கலாம் என்றார். பேச்சித்தாய் சிரித்துக்கொண்டே இரண்டாம் தடவை ரசம் வாங்கினாள். சாப்பிட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனாள். திருகினாள். குழாய் இருமியது. நாலு சொட்டு விழுந்தது. பிறகு காற்று வந்தது. ஊரே பாய்ந்து பிடித்ததில் லாரித் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது.

இசக்கிராஜா தலையைக் குனிந்துகொண்டான். செல்வமாரி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

சித்தி மழுப்பவில்லை. "ஏமாத்திட்டேன் மயினி. லாரித் தண்ணிதான். எம்மவன் இப்படியே நின்னுருவானோன்னு பயந்து செஞ்சிட்டேன். ஒங்க அழுகையைப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு இறங்கல," என்றாள்.

பேச்சித்தாய் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சித்தி நீட்டிய செம்பையும் அவள் வாங்கவில்லை. சோற்றுக் கையோடு, அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே, போய் வேனில் ஏறிவிட்டாள்.

அதோடு சம்பந்தம் முறிந்தது என்றுதான் நினைத்தோம். சித்தி ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. அதற்குள் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெரிய பிளெக்ஸ் போர்டு ஒன்று முளைத்துவிட்டது. நனைந்த முகமும் அழுகிற கண்ணுமாக அதில் பேச்சித்தாய். கீழே, 'இனிமே எம்பிள்ளை சுமக்க வேண்டாம் - ஊருணிப்பட்டி பயனாளி பேச்சித்தாய்.' வீடியோ எல்லாருடைய போனிலும் ஓடியது. பார்த்தவர்கள் எல்லாம் அழுதார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் தள்ளுவண்டியை ஒரு ஓரமாக நிறுத்திவிட்டு, பார்த்து அழுதார்கள்.

கிளார்க்கு அண்ணாச்சி மறுபடி பறந்து வந்தார். "ஏலே, சென்னையில இருந்து பெரிய ஆபீசர் வாராராம். அந்தம்மாவை அவிய வீட்டுலயே வச்சுப் பாக்கணுமாம். எந்தத் தெரு?"

"அவிய இந்த ஊரே இல்லை அண்ணாச்சி. பொண்ணு வீட்டுக்காரவ. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாவ."

அண்ணாச்சி தரைத்தொட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். "சம்பந்தம் முடிஞ்சிருந்தா?" என்று கேட்டார்.

"முடிஞ்சிருந்தா பொண்ணுக்குத் துணையா இங்கன வந்து இருக்காவன்னு சொல்லலாம்."

அவர் எழுந்துவிட்டார். "கிளம்புலே. பழம் வாங்கணும், பூ வாங்கணும்."

இப்படியாக, இசக்கிராஜாவுக்குப் பெண் கேட்டு அரசாங்கம் போயிற்று. ஜீப்பில் முன்னால் சுதாராணி மேடம், பின்னால் மடியில் பழத்தட்டோடு அண்ணாச்சி, வழி காட்ட நான். பேச்சித்தாய் ஊரில் தெரு முழுக்கக் குடங்கள் வரிசையில் நின்றன. அந்த ஊருக்குக் குழாய்கூட இன்னும் வரவில்லை. தங்கப்பாண்டியும் செல்வமாரியும் அன்றைக்கு அங்கேதான் இருந்தார்கள்.

"பையன் ரொம்ப நல்ல பையன்மா," என்று ஆரம்பித்தார் மேடம். பொறியியல் படித்துவிட்டுத் தரகு வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

"பையனை நான் ஒண்ணும் சொல்லலம்மா," என்றாள் பேச்சித்தாய். "குழாயைத்தான் சொல்லுதேன். அதுல ஆத்துத் தண்ணி வரணும். வந்தா பொண்ணு வரும்."

மேடம் மதிப்பீடு, அனுமதி, மேலிடம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். பேச்சித்தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா. பெரிய ஆபீசர் வாராவல்லா, அவியகிட்ட நானே பேசிக்கிடுதேன். அழுதது எந்த ஊர்க்காரின்னும் சொல்லிருதேன்," என்றாள்.

அண்ணாச்சி அவசரமாக மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். மேடம் மட்டும் லேசாகச் சிரித்தார். இரண்டு வருடமாக அவர் மேலே எழுதி எழுதிக் கேட்ட வேலைக்கு இப்போது ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. "ஒரு மாசத்துல முடிச்சுத் தாரேன்மா," என்றார்.

வாசல் நடையிலிருந்து செல்வமாரி குரல் கொடுத்தாள். "மேடம், ஒரு நாள் வந்தா போதாது. மூணு மாசம் விடாம வரணும். பொறவுதான் பத்திரிகை அடிப்போம்."

"நீ சும்மா இருட்டி," என்றாள் பேச்சித்தாய். ஆனால் அவள் முகத்தில் பெருமை.

அண்ணாச்சி கடைசியாக ஒரு வேண்டுகோள் வைத்தார். பெரிய ஆபீசர் வந்தால் கணக்குச் சரியாக இருக்க வேண்டும், அதனால் அழகுத்தாய் வீட்டுக் குழாயைப் பேச்சித்தாய் பெயருக்கு மாற்றி எழுதிக்கொள்ளட்டுமா என்றார். "எழுதிக்கிடுங்கய்யா. எம்பேரை வச்சு எம்பிள்ளைக்குத் தண்ணி வந்தாச் சரிதான்," என்றாள் அவள்.

வேலை நடந்த வேகத்தைப் பார்க்கணுமே! வருடக்கணக்கில் தூங்கிய இணைப்பு மாதத்துக்குள் முடிந்தது. குழி தோண்ட இயந்திரம் வந்தது, குழாய் வந்தது, ஆள் வந்தது. ஒருநாள் காலையில் என் தொட்டியில் ஆற்றுத் தண்ணீர் ஏறியது. நான் மேலே ஏறி நின்று, சொன்னால் சிரிப்பீர்கள், தண்ணீரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். பெரிய ஆபீசர் கடைசிவரை வரவே இல்லை. வரப்போகிறார் என்பதே போதுமானதாக இருந்தது. மூன்று மாதம் தண்ணீர் ஒழுங்காக வந்தது. கல்யாணமும் நடந்தது. அண்ணாச்சி மோதிரம் போட்டார்.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. மேலத்தெருவில் கடைசி இரண்டு வீட்டுக்கு மட்டும் ஏறுவதில்லை. அதில் ஒன்று என் வீடு. என் பெண்டாட்டி என்னை எப்படிப் பேசுவாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவோடு நான் கதையை முடித்திருக்கலாம். ஆனால் போன மாதம் பேச்சித்தாய் தான் வளர்த்த மகளைப் பார்க்க வந்திருந்தாள். கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன். நான் வால்வு திறக்கப் போகிற வழியில் சித்தி வீட்டில் காப்பிக்கு உட்கார்ந்தேன்.

"கேன் எதுக்கு அத்தை?"

"தண்ணிக்குத்தான்லே. எங்க ஊருக்குக் குழாய் போட வந்திருக்காவ. எல்லா வீட்டுக்கும் தூண் நட்டாச்சு. எங்க வீட்டுக்கு மட்டும் இல்லன்னுட்டாவ."

"ஏன்?"

"எனக்குத்தான் ஏற்கெனவே குடுத்தாச்சாம்லா. போனை எடுத்து, நான் அழுத படத்தை எனக்கே காட்டுதான் ஒருத்தன். ஒருத்தருக்கு ஒரு குழாய்தானாம்."

சித்தி முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். செல்வமாரி எழுந்து போனை எடுத்தாள். தொட்டிச் சுவரில் இருக்கிற அதே எண். ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் ஊருணிப்பட்டியில இருந்து பேசுதேன். எங்க வீட்டுக் குழாய் பேச்சித்தாய்ங்கிற பேர்ல இருக்கு. அவிய தவறிட்டாவ. பேரை நீக்கிருங்க."

பேச்சித்தாய்க்குக் காப்பி புரையேறியது. "ஏட்டி, நான் எப்பட்டி செத்தேன்?"

"சும்மா இரு பெரியம்மா. இங்கன செத்தாத்தான் அங்கன உனக்குக் குழாய் வரும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பேச்சித்தாயும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தன் சாவுக்கு அப்படிச் சிரித்த மனுஷியை நான் பார்த்ததில்லை.

சாயங்காலமே கிளார்க்கு அண்ணாச்சி வந்துவிட்டார், கையில் ரோஜா மாலையோடு. வாசலில் பேச்சித்தாய் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அண்ணாச்சி அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீங்க சாவக்கூடாதும்மா," என்றார். "உங்க பேரை நீக்கினா அந்தக் குழாய்க்கு ஆள் இருக்காது. நூறு சதவீதத்துல குறைஞ்சிரும். குறைஞ்சா ஏன் குறைஞ்சதுன்னு மேல கேப்பாவ. திரும்ப அழகுத்தாய் பேருக்கு எழுதினாலும், முதல்ல ஏன் மாத்தினேன்னு கேப்பாவ. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

"அப்ப நான் என்னய்யா செய்யணும்?"

அண்ணாச்சி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். பிறகு அவர் முகம் மெல்லத் தெளிந்தது. "இந்தப் பேச்சித்தாய் இங்கனயே இருக்கட்டும். உங்க ஊர்க் கிளார்க்குகிட்ட நான் பேசுதேன். அங்கன வேற ஒரு பேச்சித்தாய்னு எழுதிருவோம். ரெண்டு பயனாளி. ரெண்டு ஊருக்கும் கணக்கு நல்லா இருக்கும்."

"அந்தப் பேச்சித்தாய்க்குத் தண்ணி வருமாய்யா?"

"குழாய் வரும்மா," என்றார் அண்ணாச்சி.

பேச்சித்தாய் முறுக்கை வைத்துவிட்டு எழுந்தாள். உள்ளே போய்க் கேனை நிரப்பிக்கொண்டு வந்தாள். செல்வமாரி தூக்க வந்தபோது, "நீ தூக்காதட்டி" என்று அவள் கையைத் தட்டிவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. நான் ஒரு பக்கமும் மாலையைக் கீழே வைத்துவிட்டுக் கிளார்க்கு அண்ணாச்சி ஒரு பக்கமுமாகப் பிடித்து, கேனை அவள் இடுப்பில் ஏற்றிவிட்டோம்.